நாம் வாங்கும் பொருட்களைப் பற்றி ஓர் அச்சுக்கட்டைப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் அச்சுக்கட்டை வகுப்பு நடத்துகிறேன். பூவும் மாங்காயும் வெட்டிக் கை பழகியதும் எல்லோருக்கும் ஒரே வேலையைத்தான் கொடுப்பேன்: நாம் வாங்குகிற, குவிக்கிற, தூக்கி எறிகிற பொருட்களைப் பற்றி ஒரு படம் வெட்டுங்கள். அதன் பிறகு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதலிலிருந்து படியுங்கள்.

அக்கா, அச்சுக்கட்டைன்னா சேலையில அடிக்கிறதுதானே? அதுல எப்படிப் படம் பண்றது?

சேலையில் அடிப்பதும் இதுவும் ஒரே வேலைதான். மை படக்கூடாத இடத்தை உளியால் தோண்டி எடுத்துவிடுகிறோம். மேடாக நிற்கும் இடத்தில் மட்டும் மை ஒட்டும், அதைத் தாளிலோ துணியிலோ ஒற்றுகிறோம். சேலைக்கு ஒரு சின்னக் கட்டையைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். படத்துக்கு ஒரு பெரிய கட்டையில் முழுக் காட்சியையும் வெட்டலாம், சின்னக் கட்டையையே அடுக்கியும் படமாக்கலாம். நான் இரண்டாவது வழியைத்தான் அதிகம் பரிந்துரைப்பேன். காரணம் கீழே வரும்.

நுகர்வுப் பண்பாடுன்னா என்ன? எல்லாரும்தானே பொருள் வாங்குறோம்?

அரிசி வாங்குவதைப் பற்றி யாரும் படம் வெட்டச் சொல்லவில்லை. தேவைக்கு வாங்குவது என்ற நிலை மாறி, வாங்குவதே கொண்டாட்டமாகவும் கௌரவமாகவும் பொழுதுபோக்காகவும் ஆகிவிடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். அந்த மந்தத்தைச் சமாளிக்கத்தான் தள்ளுபடி. இன்றைக்கு ஆடி என்றதும் அம்மனுக்கு ஊற்றும் கூழ் எவ்வளவு சீக்கிரம் ஞாபகம் வருகிறதோ அதே வேகத்தில் தள்ளுபடி விளம்பரமும் வருகிறது. ஒரு மாதத்தின் அர்த்தமே மாறிப்போயிருக்கிறது. இப்படி ஒரு மாற்றம் உங்கள் கண்ணில் பட்டால் அது படத்துக்கான விஷயம்.

இதுக்கு ஏன் அச்சுக்கட்டை? வரைஞ்சா ஆகாதா?

ஆகும். ஆனால் கடைப் பொருளின் குணம் ஒரே மாதிரி பல இருப்பது. அச்சுக்கட்டையின் குணமும் அதுவே. ஓவியத்தில் நூறு டப்பாவைக் காட்ட நூறு முறை வரைய வேண்டும். இங்கே ஒன்றை வெட்டி நூறு முறை அடிக்கிறோம், தொழிற்சாலை செய்வதையே கையால் செய்கிறோம். கை என்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும். ஒன்றில் மை திட்டாக இருக்கும், ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும். பார்ப்பவர் கண் அந்த வித்தியாசத்தில்தான் போய் நிற்கும்.

1962இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 32 சூப் டப்பாக்களைத் தனித்தனிச் சட்டங்களில் தீட்டி, கடை அலமாரியில் வைப்பதுபோல லாஸ் ஏஞ்சல்ஸில் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு சுவை, மற்றபடி ஒரே டப்பா. அந்த லேபிளின் அடியில் ஓடும் பூ வேலையை அவர் கையால் முத்திரை குத்தித்தான் செய்தார். ஆக, அந்தப் புகழ்பெற்ற படங்களிலும் ஒரு சின்ன அச்சு ஒளிந்திருக்கிறது.

செட்டிநாட்டுல இருந்துக்கிட்டு எதைப் படமா எடுக்கிறது? இங்க பெரிய மால் கூட இல்லையே.

மால் எதற்கு? இந்தப் பக்கத்து வீடுகளே வாங்கிச் சேர்த்ததன் சாட்சிதான். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் (செட்டிநாட்டு வணிகர்கள்) சம்பாத்தியத்தில் பர்மா தேக்கு வந்தது, இத்தாலியச் சலவைக்கல் வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. 1960களில் அங்கே தொழில்கள் அரசுடைமையாயின. வரவு நின்றது, வீடு மட்டும் மிஞ்சியது. கட்டிக் காக்க முடியாமல் எத்தனையோ வீடுகளைப் பிரித்து விற்றார்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய்வாருங்கள். கதவு நிலை, தூண், ஊறுகாய் ஜாடி, எனாமல் தட்டு, எல்லாம் இன்னொரு முறை வாங்கப்படக் காத்திருக்கும். ஒரு எனாமல் தட்டைத் திருப்பிப் பார்த்தால், செய்த நாட்டின் முத்திரை அடியில் தெரியும். விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடத்தில் கறுப்பு இரும்பு எட்டிப் பார்க்கும். இவ்வளவும் அப்படியே வெட்டக்கூடிய உருவங்கள்.

அப்புறம் திரும்பி நடக்கும்போது வீட்டுத் திண்ணைகளைக் கவனியுங்கள். கூரியர் பையன் வைத்துவிட்டுப் போன பழுப்புப் பெட்டிகள் இருக்கும். அதன் மேல் குடை, ஒயின் கோப்பை, மேல் நோக்கிய இரண்டு அம்பு. நனைக்காதே, உடையும், இந்தப் பக்கம் மேலே என்று உலகம் முழுக்கப் பொதுவான குறிகள் அவை. தேக்குத் தூணுக்கு இரண்டு பக்கமும் இந்தக் குறிகளை அடித்தால், வீடே ஒரு பார்சல் ஆகிவிடும். பிரித்து லாரியில் ஏற்றப்பட்ட வீடுகளுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

ஆத்தங்குடி ஓடு, அதாவது நம் பக்கத்தில் கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓடு, இன்னொரு நல்ல வழி. ஒரு மாணவி சதுரக் கட்டை ஒன்றின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் மூடியும் எதிர் மூலையில் கிழித்த ஷாம்பு பாக்கெட்டும் வெட்டினாள். கட்டையைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி நான்கு முறை அடித்ததும் நடுவில் பூ விரிந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் வளவுத் தரை, அதாவது செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத் தரை. குனிந்து பார்த்தால் குப்பை. வகுப்பில் வந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மரமா, லினோவா, எம்.டி.எஃப்.பா? எதுல ஆரம்பிக்கிறது?

முதல் படத்துக்கு லினோ. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் பரப்பிச் செய்வது அது. மரத்தில் இருப்பதுபோல ரேகை கிடையாது, எந்தப் பக்கமும் உளி ஓடும். கட்டியாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எம்.டி.எஃப். என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. மலிவு, ஆனால் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள்.

மரம் என்றால் பிரித்த வீட்டுத் தேக்குத் துண்டு ஆசாரிகளிடம் கிடைக்கும். பல காலம் காய்ந்த மரம், இனி வளையாது. மசூலிப்பட்டினம் பக்கத்துக் கலம்காரித் துணி அச்சுகளும் தேக்கில் செய்வதுதான். ஆனால் வெட்டுவதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், நல்ல உளியின் வாய் போய்விடும். ரேகையோடு வெட்டினால் மரம் பிளந்துகொண்டு ஓடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

என்னென்ன வாங்கணும்?

இந்தத் தலைப்புக்குப் படம் வெட்டப் பெரிய சாமான் பட்டியல் போடுவது சரியில்லை. வி வாய் உளி ஒன்று, யு வாய் உளி ஒன்று, ரப்பர் உருளை ஒன்று, ஒரு டப்பா கறுப்பு மை. மை தேய்க்கப் பழைய கண்ணாடித் துண்டு போதும், ஓரத்துக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அச்சகங்களில் பயன்படும் ஆஃப்செட் மையே லினோவுக்கு நன்றாக வேலை செய்யும். தாளின் முதுகைத் தேய்க்க சமையலறைக் கரண்டி இருக்கிறது.

எழுத்து தலைகீழா வருதே, எப்படிச் சரி பண்றது?

வருவது இடவலம் மாறி. டிரேசிங் தாளில் பென்சிலால் சரியாக எழுதி, எழுதிய பக்கம் கட்டையைப் பார்க்கக் கவிழ்த்து, பின்புறம் அழுத்தித் தேயுங்கள். கட்டையில் மாறி விழும், அச்சில் நேராகிவிடும். சந்தேகம் வந்தால் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கொம்பும் ஐகாரமும்தான் அதிகம் ஏமாற்றும்.

தமிழ் எழுத்தில் புள்ளிதான் ஆபத்து. சுற்றிலும் தோண்டிய பள்ளத்தில் அது மட்டும் தனியாக நிற்கும், நாலு முறை மை உருட்டினால் பிய்ந்துவிடும். அதனால் புள்ளியின் பக்கவாட்டை நேராக வெட்டாமல், அடி அகலமாக இருக்கும்படி சரித்து வெட்டுங்கள். ண, ற போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைக்காமல் இருக்க எழுத்து ஓர் அங்குலத்துக்காவது இருக்கட்டும். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வெட்டினால் புள்ளி ஒரு சின்னக் குழி மட்டும்தான், உடைய எதுவுமில்லை.

மை ஒரு இடத்துல திட்டுத் திட்டா, ஒரு இடத்துல இல்லவே இல்ல. ஏன்?

திட்டு என்றால் மை அதிகம். இல்லை என்றால் மை குறைவு, அல்லது தேய்த்தது போதவில்லை. கண்ணாடியில் மையைப் பரப்பும்போது காதைக் கொடுங்கள். சளசளவென்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டால் தடிமன் அதிகம். பட்டுப்புடவை உரசுவதுபோல மெல்லிய சரசரப்பு வந்தால் சரியான அளவு. கட்டையில் ஒரேயடியாகப் பூசாமல் மெல்லிசாகப் பல முறை உருட்டுங்கள்.

சித்திரை வைகாசியில் எண்ணெய் மை இளகி மெல்லிய கோடுகளுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் மையோ உருளையிலேயே காய்ந்து போகும். அந்த மாதங்களில் விடியற்காலையில் அடித்து முடித்துவிடுவதே நல்லது.

கறுப்பு மட்டும் போதுமா? கலர் இல்லாம எடுபடுமா?

1930இல் வங்காள ஓவியர் நந்தலால் போஸ் வெட்டிய லினோ படத்தைப் பாருங்கள். கைத்தடியோடு நடக்கும் காந்தி, கறுப்பில் வெள்ளைக் கோடுகள், வேறொன்றும் இல்லை. உப்பு என்கிற ஒரு பண்டத்துக்காக நடந்த நடை அது. நிறம் இல்லை என்று அந்தப் படத்தைப் பார்த்த யாரும் குறைப்பட்டதாக நான் கேட்டதில்லை.

நிறம் வேண்டுமென்றால், ஒரே கட்டையில் முதலில் வெளிர் நிறத்தை எல்லாப் பிரதியிலும் அடித்துவிட்டு, மேலும் வெட்டி அடர் நிறத்தை அதன்மேல் அடிக்கலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் எத்தனை பிரதி வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, கெட்டுப்போவதற்கும் சேர்த்துத் தாள் எடுத்து வையுங்கள். தாள் ஒரே இடத்தில் உட்கார அட்டையில் எல் வடிவ மூலை மட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கூரியர் அட்டைப் பெட்டியிலேயே அச்சடிக்கலாமா?

தாராளமாக. எனக்கு அது வெள்ளைத் தாளைவிடப் பிடிக்கும். அந்தப் பெட்டியில் ஏற்கனவே இருக்கும் அச்சும் பெரும்பாலும் ரப்பர் அல்லது பாலிமர் தகட்டில் மேடாக நிற்கும் எழுத்தை ஒற்றியதுதான். நம் வேலையும் அவர்கள் வேலையும் ஒரே இனம். கிழித்த டேப்பையும் நசுங்கிய மூலையையும் மறைக்காதீர்கள். பெயர், விலாசம், போன் நம்பர் உள்ள சீட்டை மட்டும் உரித்துவிடுங்கள்.

அட்டை தடியானது, பின்புறம் கரண்டியால் தேய்த்துப் பயனில்லை. லினோவை ஒட்டுப்பலகையில் ஒட்டி, மை பூசி, அட்டையின் மேல் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். உடல் எடையே போதும். உள்ளே இருக்கும் நெளி வரிகள் அச்சில் கோடு கோடாகத் தெரியும். தெரியட்டும்.

மஞ்சப்பையில அடிச்சா நல்லா இருக்குமே?

நன்றாக இருக்கும், பொருத்தமும்கூட. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சப்பை தூக்கி வருபவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தவர்கள் உண்டு. கல்யாண வீட்டுப் பெயர் அச்சடித்த பழைய பை கிடைத்தால் விடாதீர்கள், அந்த எழுத்தின் மேலேயே உங்கள் படத்தை அடிக்கலாம்.

புதுப் பை என்றால் கஞ்சி போகத் துவைத்துக் காயவையுங்கள். உள்ளே ஓர் அட்டையைச் செருகுங்கள், இல்லாவிட்டால் மை மறுபக்கம் ஊறும். அடியில் மடித்த ஜமுக்காளம் இருந்தால் அச்சு சீராக விழும். இங்கே ஆஃப்செட் மை வேண்டாம், துணிக்கான நிறமி மைதான். ஒரு நாள் காயவிட்டு, மேலே தாள் வைத்து இஸ்திரி போடுங்கள். மஞ்சளின் மேல் நீலம் பச்சையாகத் தெரியும். கறுப்பும் ஆழ்ந்த சிவப்பும்தான் நிற்கும்.

படத்துக்குள்ள “பிளாஸ்டிக்கை ஒழிப்போம்” மாதிரி வாசகம் போடணுமா?

வேண்டாம் என்பேன். அந்த வாசகம் பேருந்து நிலையச் சுவரில் ஏற்கனவே இருக்கிறது, அதை யாரும் நின்று படிப்பதில்லை. அதோடு, விஷயம் அவ்வளவு எளிமையாகவும் இல்லை. ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பரவலாக்கியதில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டில் வாங்க முடியாத தினக்கூலி வீடுகளுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது அதனால்தான். அதே பாக்கெட்தான் இன்று ஊருணிக் கரையில் மக்காமல் கிடக்கிறது. இரண்டும் உண்மை. “ஒழிப்போம்” என்று எழுதிவிட்டால் முதல் பாதி காணாமல் போய்விடும்.

பொருளை மரியாதையோடு வெட்டுங்கள். பாக்கெட்டின் பல் பல்லான விளிம்பு, கிழித்த இடம், உள்ளே ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டு எல்லாம் வரட்டும். வாசகம் வேண்டுமென்றால் கடையின் வார்த்தையையே எடுங்கள். “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” என்று பிரிக்கப்பட்ட வீட்டின் இரண்டு தூண்களுக்குக் கீழே எழுதிப் பாருங்கள்.

பெரிய கம்பெனி லோகோவை வெட்டினா கேஸ் போடுவாங்களா?

போட வாய்ப்பு உண்டு, ஜெயிப்பார்களா என்பது வேறு. 2011இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒடிசாவில் டாடா பங்கோடு கட்டிய துறைமுகத்தால் கடலாமைக்கு ஆபத்து என்று சொல்ல, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு டாடா பெயரை வைத்து ஒரு கணினி விளையாட்டு வெளியிட்டிருந்தது. அதைத் தடுக்கக் கேட்ட இடைக்காலத் தடையை நீதிமன்றம் தரவில்லை. விமர்சனத்துக்காக வர்த்தகச் சின்னத்தைப் பயன்படுத்துவதற்கு இடம் உண்டு என்பது அதில் தெரிந்தது.

ஆனால் அதே லோகோவைப் பையில் அடித்து வியாபாரமாக விற்றால் கதை மாறும். அந்த நிறுவனமே வெளியிட்ட பொருள் என்று நினைக்க இடம் கொடுத்தால் 1999ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டம் குறுக்கே வரும். விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு வக்கீலைக் கேளுங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, கற்பனைக் கம்பெனி ஒன்றை உருவாக்குங்கள் என்பதுதான். ஒரு பிராண்டைத் தாக்கும்போது மற்ற கம்பெனிகள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும், கலை என்ற அளவிலும் அது பலவீனம்.

ஆச்சியோட சீர்ப் பாத்திரங்களை வெட்டினேன். வீட்டுல கோவிச்சுக்கிட்டாங்க. தப்பா?

தப்பில்லை, ஆனால் அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கலாம். பரப்பி வைத்த சீர்வரிசை வெளி ஆளுக்கு ஆடம்பரமாகத் தெரியும். ஆச்சிக்கு அது தாய் வீடு கொடுத்த காவல், கையில் பணமாக இல்லாத சொத்து. அந்தப் பாத்திரங்களில் ஒன்றை எடுத்து, வாய் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உளி நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்திய விலாசமும் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) பெயரும் தேதியும் இருக்கும். பேத்தி காலம் வரை இருக்கும் என்று நினைத்துத்தான் பெயர் வெட்டியிருக்கிறார்கள்.

இன்று வாங்கும் பொருளில் அந்த இடத்தில் பார்கோடு இருக்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு 890 என்று தொடங்கும் எண். பார்கோடைக் கறுப்புக் கோடுகளாக வெட்டி, அதன் குறுக்கே ஆச்சியின் பெயரைப் புள்ளியாகக் குத்துங்கள். லினோவில் அந்தப் புள்ளிகள் வெள்ளையாக விழும். இப்படிச் செய்தால் ஆச்சியைக் குறை சொல்வதாக ஆகாது. முதல் பிரதியை அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள், பாத்திரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத கதை ஒன்றாவது வரும்.

எத்தனை பிரதி போடலாம்? 3/20ன்னு நம்பர் போடுறதே விலையை ஏத்தத்தானே?

இருபது பிரதியில் இது மூன்றாவது என்பதுதான் 3/20. விலைக்காகவா என்றால், ஒரு வகையில் ஆமாம். பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன் மரக்கட்டைப் படம் ஏழை வீட்டுச் சுவருக்குப் போகும் மலிவுச் சரக்கு, கல்கத்தாவின் பட்தலா பகுதி அச்சகங்களின் படங்களும் அப்படித்தான். எண் போட்டுக் குறைத்தால் அரிதான பொருள் ஆகும், ஆசை கூடும். இந்தத் தலைப்புக்கு அது முரண்.

நிறமுள்ள படம் என்றால் எண்ணிக்கை தானாகவே முடிந்துவிடும், மேலே சொன்னேன். ஒரு நிறப் படத்துக்கு எண் போடாமல், கேட்பவர்களுக்கு எல்லாம் அடித்துக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. போட்டிக்கோ கண்காட்சிக்கோ அனுப்புவதாக இருந்தால் அவர்கள் விதிப்படி எண் போடுங்கள். இடது ஓரம் எண், நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து.

சரி, இதை வித்தா நாமளும் அதே கூட்டம்தானே?

அப்படி நான் நினைக்கவில்லை. செய்தவரும் வாங்குபவரும் நேரில் பார்த்துக்கொண்டு, உழைப்புக்கு நியாயமான விலை பேசிக் கைமாறும் பொருளும், தேவையில்லாமல் தூண்டிவிட்டு விற்கும் பொருளும் ஒன்றல்ல. ஆத்தங்குடி ஓடு போடுபவர், ஓலைக் கொட்டான் பின்னும் பெண்கள், கண்டாங்கி நெய்பவர் எல்லோரும் விற்றுத்தான் வாழ்கிறார்கள். கையால் செய்பவர் விற்கக் கூச்சப்பட்டால் மிஞ்சுவது தொழிற்சாலைச் சரக்கு மட்டும்தான்.

ஆனால் எல்லை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுபட்டதும் அதையே குவளை, டீ-சர்ட், சாவிக் கொத்து என்று போட ஆரம்பித்தால், எதைப் பற்றிப் பேசினீர்களோ அதற்குள்ளேயே போய்விட்டீர்கள். அப்படிக் கேட்டு வந்த ஆர்டர்களை நான் எடுப்பதில்லை.

இந்த மாதிரி அச்சு வேலையை நேர்ல எங்க பார்க்கலாம்?

சென்னையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது, அச்சுக்கலைக்கென்றே பட்டறை உண்டு. நாடறிந்த அச்சுக்கலைஞர் ஆர்.எம்.பழனியப்பன் நம் தேவகோட்டையில் பிறந்தவர், அவர் படங்கள் எங்கே காட்சிக்கு வந்தாலும் போய்ப் பாருங்கள். ஊரிலேயே என்றால், பழம்பொருள் கடைகளில் பழைய தீப்பெட்டி லேபிளும் ஜவுளி மில் சீட்டும் கண்ணில் படும். பொருளை விற்க அச்சு எப்படி உழைத்தது என்பதை அவற்றைப் பார்த்தே படிக்கலாம்.

வெட்டின சில்லு, மைத்துணி, பழைய கட்டை இதெல்லாமும் குப்பைதானே அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் பத்தாம் வகுப்பு. நல்ல கேள்வி. அசல் லினோவின் சில்லு மக்கக்கூடியது. லினோ என்ற பெயரில் விற்கும் மெத்தென்ற ரப்பர், வினைல் தகடுகள் பெரும்பாலும் மக்காது, அதனால் வாங்கும்போது பின்பக்கம் சணல் துணி இருக்கிறதா என்று பாருங்கள். மை கழுவ மண்ணெண்ணெய் தேவையில்லை. வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயால் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீர் போதும்.

மை துடைத்த எண்ணெய்த் துணிகளைக் கசக்கிக் குவித்து மூடி வைக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், குவியலாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் காயப்போட்டு, அடுத்த முறைக்கு அதையே எடுங்கள். தேக்குக் கட்டையைத் தச்சரிடம் கொடுத்து இழைத்தால் புது முகம் கிடைக்கும், அடுத்த படத்தை அதிலேயே வெட்டலாம்.